பஸ்ஸில் ஏறிய பெயர்



நினைவுச்சின்னம் என்றால் கல்லும் வெண்கலமும் மட்டுமில்லை. பஸ்ஸும்தான். சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்று பெயரெழுதிய அரசு வண்டிகளில் எத்தனை வருஷம் போனோம்! எந்தப் பெயரையும் பார்த்து நாம் இறங்கி நடந்ததில்லை.

1997இல் தி.மு.க. அரசு விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, கவர்னகிரிக்காரர், தேவேந்திரகுலத்தவர். கட்டபொம்மனுக்கு 1974லேயே பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை கட்டியாச்சு. கூட நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தவருக்கு ஒரு பஸ். அதுவும் பொறுக்கலை. அந்தப் பேர் போட்ட வண்டியில் ஏறமாட்டோம் என்றது ஆதிக்கச் சாதி. தென்மாவட்டங்கள் எரிந்தன, உயிர்கள் போயின.

ஏறமறுத்தவனை அரசு கேட்டதா? ஜூலையில் எல்லாக் கழகங்கள், மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு வரவைப் பொறுக்காமல் லெட்ஜரையே கிழிக்கிற கணக்கு. பேங்க்கில் நான் இதைச் செய்தால் வேலை போயிடும். இங்கே இதற்குப் பெயர் சமத்துவம். நம் பெயர் சேர்ந்ததும் பட்டியலே வேண்டாமாம்!

பிறகு கவர்னகிரியில் சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் கட்டினார்கள். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனா அது அவர் ஊரிலேயே நிற்கிறது. பஸ் எல்லார் ஊருக்கும் போயிருக்கும்.