பூட்டுத் திருத்துபவர் கண்ட நட்சத்திரம்



ஆர்ஜென்டீனாவின் றொசாரியோ நகரத்திலே விக்டர் பூசோ என்று ஒருவர். பூட்டுத் திருத்துவது அவர் தொழில். வானியலில் பட்டம் பெற்றவரல்லர். ஆனால் தம் வீட்டின் மேற்றளத்தில் சிறியதோர் அவதான நிலையம் அமைத்து, 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கியொன்றால் இரவு வானத்தைப் பார்த்து வந்தவர்.

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி இரவு, புதிதாக வாங்கிய கமராவைப் பரீட்சித்துப் பார்க்க எண்ணினார். ஏறக்குறைய எட்டுக் கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 613 என்ற சுருள் வடிவ அண்டத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினார். அங்கிருந்து வந்த ஒளி புறப்பட்ட காலத்தில் நமது பூமியில் டைனோசர்கள் உலவிக்கொண்டிருந்தன. நகரத்து வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிடாதபடி, இருபது இருபது விநாடிகளாகப் படங்களை எடுத்தார்.

முதலில் எடுத்த படங்களில் புதுமை எதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்தார். முன்பு வெறுமையாயிருந்த இடத்தில் மெல்லியதோர் ஒளிப்புள்ளி! அடுத்தடுத்த படங்களில் அது பிரகாசமாகிக்கொண்டே சென்றது.

அது ஒரு சுப்பர்நோவா, அதாவது பெரியதொரு நட்சத்திரத்தின் மரணம். எரிபொருள் தீர்ந்து நட்சத்திரத்தின் நடுப்பகுதி இடிந்து விழும்போது, பேரதிர்ச்சி அலையொன்று உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது. அந்த அலை மேற்பரப்பைப் பிளந்துகொண்டு வெளிவரும் கணத்தில் ஒளி திடீரென ஓங்குகிறது. பொதுவாகச் சுப்பர்நோவாக்கள் வெடித்துச் சில நாட்கள் சென்ற பின்னரே நம் கண்ணிற் படுகின்றன. பூசோவுக்கோ அந்தத் தொடக்கமே அகப்பட்டது. இப்படியொரு வாய்ப்பு கோடியில் ஒன்று, ஒருவேளை பத்துக் கோடியில் ஒன்று என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர்.

செய்தி பரவியதும் உலகின் பெரிய தொலைநோக்கிகள் அந்தத் திசைக்குத் திரும்பின. 2018இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வுக் கட்டுரைக்கு ஆர்ஜென்டீனாவின் வானியலாளர் மெலினா பேர்ஸ்டன் தலைமை தாங்கினார். ஆசிரியர்கள் வரிசையில் பூசோவின் பெயரும் இடம்பெற்றது.

இதைக் கேள்வியுற்ற பலரும் 'அதிர்ஷ்டம்' என்றார்கள். அதிர்ஷ்டந்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை வாங்கி வைக்க ஒரு பாத்திரம் வேண்டுமல்லவா? பார்க்கும்படி எவரும் பணிக்காத வானத்தை, ஊதியம் தராத வானத்தை, பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுமையான படங்களையும் அவர் எறிந்துவிடவில்லை. சற்று முன்வரை அங்கே எதுவும் இருக்கவில்லை என்பதற்கு அந்த வெற்றுப் படங்களே சாட்சி. அவை இல்லாவிடின் வெடிப்பின் தொடக்கத்தை இத்தனை நுட்பமாக வரையறுக்க முடிந்திராது.

அவுஸ்திரேலியாவில் றொபேட் எவன்ஸ் என்றொரு கிறிஸ்தவப் போதகர் இருந்தார். 2022இல் காலமானார். எண்ணற்ற அண்டங்களின் தோற்றத்தை மனதிற் பதித்து வைத்திருந்து, வெறுங்கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தே நாற்பதுக்கு மேற்பட்ட சுப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தவர். அவரை எவரும் அதிர்ஷ்டசாலி என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

அறிவு என்பது பட்டம் பெற்றவர்களின் முதுசொத்து என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். பிள்ளை வானத்தைப் பார்த்து நின்றால், "பாடத்தைப் படி" என்று உள்ளே அழைக்கிறோம். பரீட்சைக்கு வராத ஒன்றின்மீது கொள்ளும் அன்பு வீணென்று யார் சொன்னது? ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்று வழங்கும் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. நேசிப்பவர் என்பதே அதன் பொருள்.