கிணற்றின் வழியே வரும் கடல்



கடல்மட்டம் உயர்கின்றது என்று கேட்டதும், அலை கரையை விழுங்கும் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கடல் வர வேறொரு வழியும் உண்டு. அது நிலத்தின் அடியால், நமது கிணற்றின் வழியே வருவது. அதனைப் பற்றியே இன்று சில கூற விழைகின்றேன்.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியிலே மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நமக்குரிய பெருஞ்செல்வம். அம்மழை மண்ணினூடு இறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களிலே தங்குகின்றது. கீழே கடலோடு தொடர்புடைய உவர்நீர். அதன்மேலே, பாரம் குறைந்தமையால், நன்னீர் மிதக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவர்நீராகவும் இருத்தல் இதற்குச் சான்றாகும்.

இம்மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். அந்த மேல்மட்டம் ஓரடி தாழுமாயின், காலப்போக்கில் உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித வலுவே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை.

இந்நிலையிலே காலநிலையும் மாறுகின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. வெப்பம் மிகுந்தோறும், பல நாள் பெய்ய வேண்டிய மழை சில நாளிலே கொட்டித் தீர்க்கும் இயல்பும் மிகுகின்றது. 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் தந்த வெள்ளத்தைக் குடாநாட்டார் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளமாகக் கடலை அடைந்த நீர் கிணற்றுக்கு உதவாது. கோடையிலே வெங்காயத் தோட்டமும் வீட்டுக் குடமும் அதன் குறையை உணரும்.

ஆதலின் கரையோர மக்களைக் காக்கும் பணி ஊர்க்குளத்திலே தொடங்க வேண்டும். குளத்தைத் தூர்வாருதல், அதற்கு வரும் வாய்க்காலை மறித்து மதில் கட்டாதிருத்தல், வெள்ளம் தங்கும் தரவைகளை நிரப்பாதிருத்தல் ஆகியவை ஊரவர் கையிலுள்ளன. தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளின் கதவுகளைச் செப்பமாக வைத்திருத்தல் அரசின் கடன். பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 இல் வகுத்த திட்டம், வன்னியின் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவிலே தேக்கிக் குடாநாட்டின் கடனீரேரிகளுக்குக் கொணரக் கருதியது. அது இன்றுவரை முழுமையாகக் கைகூடவில்லை. அதனை மீண்டும் ஆராய்வோர், அந்நீர்நிலைகளில் மீனும் இறாலும் பிடித்து வாழ்வோரையும் அழைத்துக் கேட்டல் வேண்டும்.

கடலைப் பின்தள்ளும் ஆற்றல் நமக்கில்லை. ஆயினும் மண்ணுக்குள் இறக்கிவைக்கும் ஒவ்வொரு குடம் மழைநீரும் உவர்நீரைக் கீழே அழுத்தி நிறுத்துகின்றது. வரும் மாரிக்கு முன்னரே நமது குளங்கள் ஆயத்தமாகுக.