சூட்டைச் சுமக்கும் தண்ணீர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சிக்கு வந்துவிட்டுக் கணனியைப் பற்றிப் பேசுகிறானே இவன் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுங்கள். நான் பேச வந்தது அம்பாப் பாடல்களைப் பற்றியுந்தான்.

கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். அந்தப் பாட்டுத்தான் அம்பா. திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கத்துக் கரையில், அடியெடுத்துக் கொடுத்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். எண்பதுகளில் அவருடைய குரலைப் பதினொரு ஒலிநாடாக்களில் பதிந்து வைத்தேன். பிறகு அவர் காலமாகிவிட்டார். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தபோது, நாங்கள் அப்போது குடியிருந்த கரையோர வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அலுமாரிக்கு மேலே சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தபடியால் நாடாக்கள் தப்பின.

ஆசிரியத் தொழிலில் இருந்து இளைப்பாறிய பின் அவற்றைக் கணனிக்குள் ஏற்றினேன். நாடாவின் இரைச்சலை நீக்கத் தொடங்கியதும் வந்தது வினை. இரைச்சல் நீக்குவது கணனிக்குக் கடும் வேலை. இருபது நிமிடத்தில் சூடு 95 பாகை செல்சியஸைத் தொடும்; உடனே இயந்திரம் தானாக அணைந்துவிடும். துறைமுகப் பக்கத்து வீடு, சித்திரை வெயில். அறைக்குள்ளேயே 33 பாகை.

கொழும்பில் இருக்கும் மருமகன், "மாமா, தண்ணீரால் குளிரவைக்கும் சாமான் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது" என்று சொல்லி ஒரு பெட்டியை அனுப்பிவைத்தான். உள்ளே ஒரு செப்புக் கட்டை, சிறிய பம்பி, தாங்கி, இரண்டு குழாய்கள், விசிறி பூட்டிய றேடியேற்றர். கணனியின் மூளைக்கு மேல் செப்புக் கட்டையைப் பூட்ட வேண்டும். அதனூடாக ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டுபோய் றேடியேற்றரில் கொடுத்துவிட்டுத் திரும்பும். அவ்வளவுதான்.

இதொன்றும் புதிய வித்தையல்ல. துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களின் எஞ்சினைச் சுற்றி நன்னீர் ஓடுகிறது. அந்த நன்னீரைக் கடல்நீர் குளிரவைக்கிறது. கணனிகளிலும் இது பழையது. ஐபிஎம் நிறுவனம் அறுபதுகளில் செய்த சிஸ்டம் 360 மொடல் 91 தண்ணீரால் குளிர்ந்த இயந்திரம். 1985இல் வந்த கிறே-2, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள் மூழ்கியே வேலை செய்தது. 2018இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 864 கணனிகளை ஓர் உருளைக்குள் அடைத்து, ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுக் கடலடியில் இறக்கி, 2020இல் மேலே எடுத்தது. நம்முடைய கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளுக்கும் போய்ப் பாருங்கள். பூமியின் ஆழத்துச் சூட்டைச் சுமந்து வருவது அங்கேயும் தண்ணீர்தான்.

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, சுமக்கிறது. 100 வாற் சூட்டை, நிமிடத்துக்கு ஒரு லீற்றராக ஓடும் தண்ணீர் தூக்கிச் சென்றால், அந்தத் தண்ணீர் ஒன்றரைப் பாகைதான் சூடேறும். அதே கனவளவு காற்றைவிட ஏறத்தாழ 3500 மடங்கு சுமக்கக்கூடியது தண்ணீர்.

"அப்ப மண்பானைத் தண்ணி மாதிரிச் சில்லென்று ஆக்குமோ?" என்று கேட்டா என் தாயார். ஆக்காது. மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. அதனால் காற்றைவிடக் குளிர்கிறது. இந்தச் சாமானில் தண்ணீர் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. கடைசியில் சூட்டை வாங்க வேண்டியது அறைக் காற்றுத்தான். அறை 33 பாகை என்றால் அதற்குக் கீழே அது போகவே போகாது.

கணனிக்குள் பூட்டுமுன் ஒருநாள் வெளியே ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது என்று மருமகன் சொல்லியிருந்தான். தாம்பாளத்தில் பத்திரிகைத் தாள்களை விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் வைத்து இரவு முழுதும் ஓடவிட்டேன். விடியப் பார்த்தால், ஒரு பொருத்துக்குக் கீழே தாளில் உள்ளங்கையளவு ஈரம்.

நேயர்களே, அந்த ஈரத்தைப் பார்த்தபடி நான் கனநேரம் இருந்துவிட்டேன். ஒருமுறை தண்ணீரிடம் தப்பிய குரலை, நானே இன்னொரு தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணனியைத் தவிர வேறெங்கும் நான் பிரதி வைத்திருக்கவில்லை. நாடாக்களோ ஒருமுறை ஓடியதிலேயே உதிரத் தொடங்கிவிட்டன. பிரதி எடுப்பது கணனிக்கு இலேசான வேலை; சூடேறாது. அன்றைக்கே இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்தேன், மற்றதைக் கொழும்புக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் பொருத்தை இறுக்கி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். ஈரமில்லை.

பக்கத்து வீட்டில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் வந்து றேடியேற்றரைக் கையில் தூக்கிப் பார்த்தார். "மாஸ்ரர், இது அலுமினியம். மற்றக் கட்டை செம்பு. ரெண்டும் ஒரே தண்ணியில நின்றால் செம்பு அலுமினியத்தைத் தின்னும்" என்றார். கடலில் இரும்பைக் காக்க வள்ளத்தின் அடியில் துத்தநாகக் கட்டி பூட்டுகிறோமே, அந்தக் கட்டி தான் கரைந்து மற்றதைக் காக்கிறதே, அதே கணக்குத்தான் என்று விளக்கினார். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், வடித்த நீரும் துருத்தடுப்பு மருந்தும் விடுங்கள், அதுவும் சேதத்தைத் தாமதிக்குமே தவிர நிறுத்தாது என்றும் சொன்னார்.

பூட்டுவதற்காகப் பழைய விசிறியைக் கழற்றினேன். அதன் தகடுகளுக்கிடையில் தூசியும் உப்பீரமும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. அடியிலிருந்த வெப்பக் கடத்துப் பசை காய்ந்து பொருக்காகிவிட்டது. புதுச் சாமானைப் பூட்டியதும் சூடு 95இலிருந்து 74க்கு இறங்கியது. வேலை தடையின்றி நடந்தது.

ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது தாங்கியில் வெள்ளைப் படிவு. தம்பி சொன்னது சரி. சாமானைக் கழற்றிவிட்டு, பழைய விசிறியைச் சுத்தஞ் செய்து, புதுப் பசை பூசிப் பூட்டினேன். 81 பாகை. இறங்கிய 21 பாகையில் 14 பாகை வெறும் துப்புரவால் கிடைத்திருக்கக் கூடியது! வாங்குமுன் தூசியைத் தட்டுங்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய புத்திமதி.

இன்னொன்று. இரைச்சல் நீக்கிய முதற்பாட்டைத் தாயாருக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாவின் குரல் கண்ணாடிபோலத் தெளிவாகக் கேட்டது. அவ பாட்டு முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டா. பிறகு, "குரல் சரி, கடல் எங்கே?" என்றா.

நாடா இரைச்சலோடு அலையின் இரைச்சலையும் கணனி துடைத்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த கடல்தான். ஆனாலும் அது இல்லாமல் அந்தப் பாட்டு ஆகாயத்தில் நிற்கிறது என்று அவ சொன்னா. நான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை மேலோட்டமான இரைச்சலை மட்டும் நீக்கினேன். அதற்குக் கணனி அவ்வளவு சூடேறவும் இல்லை.

இப்போது பதினொரு நாடாவும் மூன்று வீடுகளில் இருக்கின்றன. மூன்றிலும் கடல் கேட்கிறது.