பழைய படகும் டீசல் இயந்திரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள மைசூரில் படகைப் பற்றிப் பேச மேடை ஏறியிருக்கிறோமே என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. நியாயமான புன்னகைதான். நமக்குச் சிறுநீர்நிலை என்றால் காரஞ்சி ஏரி. பெருநீர் என்றால் கண்ணம்பாடி. ஆயினும் கண்ணம்பாடியில் தேங்கும் காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்வதுபோல, நம் குடியிருப்பின் குடும்பங்கள் சிலவற்றின் உறவும் அக்கரையையே சேர்ந்திருக்கிறது. அங்கே தமக்கையின் கணவரோ சிற்றப்பாவின் மகனோ பழைய விசைப்படகு ஒன்றை வாங்க எண்ணினால், "மைசூரில் இயந்திரப் பட்டறையில் இருக்கிறீர்களே, வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று நமக்குத்தான் செய்தி வருகிறது. அடகுக்குப் போவது பெண்டிரின் நகை. கடலுக்குப் போவது ஆடவரின் உயிர். அதனால் இதனை விளையாட்டுப் பேச்சாக எண்ணலாகாது.

முதலில் படகின் அமைப்பைச் சொல்லிவிடுவோம். இயந்திரத்தின் பின்னே கியர்பெட்டி. அதன் பின்னே கப்ளிங் என்னும் இணைப்புத்தட்டு. அதிலிருந்து புறப்படும் எஃகுத் தண்டு படகின் அடியைக் கடந்து வெளியேறி, நுனியில் உந்துவிசிறியைத் தாங்குகிறது. இதுவே ஷாப்ட் படகு. 1836ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெட்டிட் ஸ்மித், எரிக்ஸன் என்னும் இருவர் தனித்தனியே உந்துவிசிறிக்கு உரிமை பெற்றனர். அந்நாள்தொட்டு இவ்வமைப்பின் அடிப்படை மாறவில்லை. அதனைச் சுழற்றும் இயந்திரத்தை ருடால்ப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுற ஓட்டிக் காட்டினார். அவ்வறிஞர் 1913இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பலிலிருந்து மறைந்துபோனார் என்பதும், அவர் பெயர்கொண்ட இயந்திரமே இன்று கடலோடிகளைக் கரை சேர்க்கிறது என்பதும் விதியின் விநோதம்.

மேனாட்டுச் செல்வர் உல்லாசத்திற்கு ஓட்டும் வேகப்படகுகளிலும் இதே தண்டமைப்பு உண்டு. 1959இல் சுவீடன் நாட்டு வால்வோ பென்டா நிறுவனம், நீண்ட தண்டை நீக்கி, படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும் உந்துபொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அது இடத்தைச் சேமிக்கிறது. உந்துவிசையும் நேரே கிடைக்கிறது. தண்டோ சாய்வாக இறங்குவதால் விசையிற் சிறிது வீணாகிறது. இருந்தும், பழைய படகு என்று வரும்போது எங்கள் வாக்கு தண்டுக்கே. உப்புநீரில் கிடப்பது ஒரு தண்டும் ஒரு விசிறியும் மட்டுமே. பற்சக்கரங்கள் யாவும் உலர்ந்த இடத்தில் இருக்கின்றன. கெடுவதற்குரிய பொருள் குறைவு என்றால் மறைப்பதற்குரிய பொருளும் குறைவுதானே!

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேற்றப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, புதுவண்ணம் பெறும் காலமும் அதுவே. விற்பனைப் பேச்சு மிகுதியாக நடக்கும் காலமும் அதுவே. வாங்குவோர்க்கு இதில் ஒரு பெரும் நன்மையும் ஒரு பெரும் பொறியும் உண்டு. நீருக்குள் மறைந்திருந்த அடிப்பாகம் முழுவதையும் கண்ணாற் காணலாம் என்பது நன்மை. இயந்திரத்தைச் சுமையேற்றி ஓட்டிக் காண முடியாது என்பது பொறி. கரையில் வெறுமனே உறுமும் இயந்திரம் பாரம் இல்லாத மாட்டைப் போன்றது. அதன் வலிமையும் தெரியாது, நோயும் தெரியாது.

கரையில் இருக்கும்போது பார்க்க வேண்டுவன பல. மரப்படகாயின் ஏராக்கட்டை தொடங்கி ஒவ்வொரு பலகையையும் மரச்சுத்தியால் தட்டுக. திண்ணென்று ஒலித்தால் நலம். பொத்தென்று ஒலித்தால் உள்ளே கப்பற்புழு குடியிருக்கக்கூடும். விசிறியைக் கையாற் பற்றி மேலும் கீழும் அசைத்தால், தண்டைத் தாங்கும் பின்தாங்கி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கைக்கே விளங்கும். விசிறியின் உலோகம் இளஞ்சிவப்பாகத் தோன்றினால் அதிலுள்ள துத்தநாகத்தை உப்புநீர் அரித்துவிட்டது என்று பொருள். இவ்வரிப்பைத் தடுக்கவே தனியே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். இதன் தத்துவத்தை 1824இலேயே ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் பிரிட்டிஷ் கப்பற்படைக்குச் சொல்லிவிட்டார். கட்டி கரைந்திருந்தால் கவலை இல்லை. அது தன் கடமையைச் செய்திருக்கிறது. கட்டியே இல்லாத படகைக் கண்டால்தான் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்களுள் ஒருவரின் மைத்துனருக்காகச் சோழமண்டலக் கரையிலுள்ள ஒரு துறைமுகத்திற்கு மூவர் சென்றிருந்தோம். மே மாதம். படகின் உடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்பவர் மூன்று நாளில் முழுத்தொகையும் வேண்டுமென்றார். எங்கள் தமக்கையார் தாலிக்கொடி ஒழிய மற்ற நகை யாவற்றையும் துணியில் முடிந்து ஆயத்தமாக வைத்திருந்தார். "தடை நீங்கி நீரில் ஓட்டிப் பார்க்கும்வரை முன்பணம் மட்டுமே" என்று நாங்கள் சொன்னதும் மைத்துனர் முகம் கறுத்தது. "தடை முடிந்தால் வேறொருவன் கொண்டுபோய்விடுவான், மாமா! மைசூரில் இருப்பவர்களுக்கு இது எங்கே தெரியும்!" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. முதல் வாரத்து மீன்பாட்டை இழப்பது அவர்தாம், நாங்கள் அல்லர். ஆயினும் தமக்கையார் முடிச்சை அவிழ்க்கவில்லை.

ஜூன் நடுவில் மறுபடி போனோம். விடியுமுன் சென்று இயந்திரத்தின்மேல் கைவைத்துப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. இதைச் சிறு செய்தியென்று எண்ணற்க. வாங்க வருபவர் வருமுன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால், நலிந்த இயந்திரமும் ஒரே முயற்சியில் கிளம்பிவிடும். குளிர்ந்த இயந்திரம் கிளம்பும்போது சிறிது வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் நில்லாதிருந்தால் அழுத்தக் குறைவையோ உள்ளே நீர் புகுந்ததையோ ஐயுற வேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எங்களுக்கு வந்ததோ கரும்புகை. கடலில் முழுவிசை கொடுத்தபோது, நிமிடத்திற்கு 1800 சுற்று எட்ட வேண்டிய இயந்திரம் 1600க்கு மேல் ஏற மறுத்தது. "இரண்டு மாதம் ஓய்வில் இருந்ததல்லவா, சோம்பல்" என்றார் விற்பவர்.

இயந்திரத்திற்குச் சோம்பல் கிடையாது. மே மாதத்தில் விசிறியின் குடத்தில் பொறித்திருந்த அளவைக் குறித்து வந்திருந்தோம். கணக்கிட்டுப் பார்த்ததில், அவ்வியந்திரத்திற்குப் பொருந்தாத பெரிய விசிறி மாட்டப்பட்டிருந்தது தெரிந்தது. பெரிய விசிறி வேகம் தரும் என்பது பலருடைய எண்ணம். அது இயந்திரத்தை ஓயாமல் மூச்சுத்திணற வைக்கிறது, வால்வுகளை எரிக்கிறது. ஆகவே தலைப்பகுதியைத் திறந்து காட்டச் சொன்னோம். இரண்டு வால்வுகள் கெட்டிருந்தன; மற்றவை நலம். விசிறிக்கும் வால்வுக்கும் ஆகும் செலவை விலையிற் கழித்துக்கொண்டு படகு கைமாறியது. மைத்துனர் எங்களோடு முகம்கொடுத்துப் பேச மேலும் சில மாதங்கள் ஆயின.

தண்டின் நேர்மையையும் நீரிலேதான் அளக்க வேண்டும். கரையேற்றிய படகின் உடல் சற்றே வளைந்து நிற்கும். மிதக்கும்போதுதான் தன் இயல்பான வடிவத்தை அடையும். கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரு தட்டுகளின் இடைவெளியை நாற்புறமும் மெல்லிய தகட்டால் அளக்கிறோம். தட்டின் விட்டத்தில் அங்குலம் ஒன்றுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வேறுபாடு பொறுக்கலாம் என்பது வழக்கு. நான்கங்குலத் தட்டென்றால் ஆயிரத்தில் நான்கு பங்கு. அதற்கு மிஞ்சினால் நடுக்கம் உண்டாகும். தாங்கியும் கியர்பெட்டியும் அடுத்தடுத்துக் கெடும். தண்டு வெளியேறும் இடத்திலுள்ள கிளாண்டு, ஓடும்போது நிமிடத்திற்குச் சில துளிகள் சொட்டுவது நன்று. ஒரு துளியும் சொட்டாத கிளாண்டைக் காட்டிப் பெருமை பேசினால், அதனைத் தொட்டுப் பாருங்கள், சுடும்.

ஓடிய மணிக்கணக்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உல்லாசப் படகுகள் குறைந்த மணிநேரமே ஓடியிருக்கும்; ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் நின்று உள்ளே துருவேறியிருக்கும். அளவான வேகத்தில் நாள்தோறும் உழைத்து, எண்ணெய் காலத்தில் மாற்றப்பட்ட மீன்படகின் இயந்திரத்தையே நாங்கள் விரும்புவோம். எண்ணூர் அசோக் லேலண்டின் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் நம் கரையில் எளிதாய்க் கிடைப்பதும் ஒரு வசதி. இரட்டை இயந்திரப் படகாயின் ஒன்றுக்கு மற்றொன்றே சாட்சி: ஒரே சுற்றில் இரண்டின் வெப்பமும் புகையும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இறுதியாகத் தாள்கள். ஐ.என்.டி. - டி.என். என்று தொடங்கும் பதிவெண் படகில் எழுதியிருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் எண்ணும் அவ்வாறே. வங்கிக் கடன் நிலுவை இல்லை என்னும் சான்றையும் கேளுங்கள். குதிரைத்திறனுக்கு அரசு விதித்த உச்சவரம்பை மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். இவ்வாண்டும் தடைக்காலத்தில் ஊருக்குப் போவோர் இருந்தால், தட்டுகளை அளக்கும் தகட்டுக்கோவை ஒன்று சங்க நூலகத்தில் இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம்.