அம்மாவோடு நெடுந்தீவுக்கு

இந்த விடுமுறைக்கு வயதான அம்மாவை நெடுந்தீவு ஒல்லாந்தர் கோட்டைக்குக் கூட்டிப்போக நினைக்கிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள். சோழகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனியில் தணிந்திருக்கும்.

குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ 1 மணி நேரப் படகுப் பயணம். வயதானவர்களுக்கு ஏறி இறங்குவதுதான் பெரிய கஷ்டம். துறையில் நிற்கும் பொடியளிடம் தயங்காமல் கேளுங்கள், அன்போடு கை கொடுப்பார்கள். காலைப் படகிலேயே போங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கியவுடன் விசாரியுங்கள். மருந்தும் குடிதண்ணீரும் கைப்பையில் இருக்கட்டும்.

தீவுக்குள் ஓட்டோ பிடிக்கலாம். முருகைக்கல்லால் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. அம்மாவை அதில் ஏற்றவேண்டாம், வெளியே நின்று பார்த்தாலே போதும். பெருக்கமரத்தையும் மட்டக்குதிரைகளையும் ஆறுதலாகக் காட்டுங்கள்.

அவ்வளவு தூரம் அம்மாவுக்கு இயலாதென்றால், அதே துறையிலிருந்து நயினாதீவுக்குக் குறுகிய பயணம்தான். நாகபூசணி அம்மன் கோயில் கரையோரத்திலேயே இருக்கிறது.