சியால்டாவிலிருந்து சென்னைக்கு வந்த டைரக்டர்

(திருநெல்வேலி டவுணில் வாலிபர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சினிமா என்றதும் சிரிக்க வேண்டாம். பீடி சுற்றும் பெண்களும் மில் தொழிலாளிகளும் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். அவர்கள் வாழ்க்கை திரையில் வருவதோ அபூர்வம்.

ழான் ரெனுவார் என்று ஒரு பிரெஞ்சு டைரக்டர். 1936இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சிக்குத் தேர்தல் பிரசாரப் படம் எடுத்துக் கொடுத்தவர். 1938இல் வந்த அவரது 'லா மார்செய்யேஸ்' படத்துக்குப் பொதுமக்களிடம் சந்தா வசூலித்தார்கள். தொழிற்சங்கங்கள் துணை நின்றன. அதே ரெனுவார் 1949-50இல் வங்கத்துக்கு வந்து, ஹூக்ளிக் கரையில் 'தி ரிவர்' எடுத்தார். கண்ணுக்குக் குளிர்ச்சியான படம், மறுக்கவில்லை. ஆனால் அது சணல் ஆலையை நிர்வகிக்கும் வெள்ளைக்காரர் வீட்டுக் கதை. ஆலைத் தொழிலாளி சுமை தூக்கிக்கொண்டு தலைகாட்டுவதோடு சரி.

அந்த நாட்களில் கல்கத்தா சியால்டா ரயில் நிலையப் பிளாட்பாரம் முழுவதும் கிழக்கு வங்க அகதிகள். நிமாய் கோஷ் என்ற வங்கத் தோழர் காமிராவை அங்கே கொண்டுபோனார். படம் 'சின்னமூல்', வேரற்றவர்கள் என்று பொருள். மக்கள் நாடக மன்றத்தார் நடித்தார்கள், ரித்விக் கட்டக் உள்பட. அகதிகளே அகதிகளாகத் தோன்றினார்கள். சோவியத் டைரக்டர் புதோவ்கின் கல்கத்தாவில் அதைப் பார்த்துப் பாராட்ட, சோவியத் நாட்டிலும் திரையிட்டார்கள். உள்ளூரிலோ வசூல் இல்லை. கோஷ் சென்னைக்கு வந்து காமிராமேனாகப் பிழைத்தார்.

இங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. பலர் பங்கு போட்டு ஆரம்பித்த குமரி பிலிம்ஸுக்காக, 1960இல் 'பாதை தெரியுது பார்' படத்தை டைரக்ட் செய்தார். எம்.பி.சீனிவாசன் இசை, பட்டுக்கோட்டை, கே.சி.எஸ்.அருணாசலம், ஜெயகாந்தன் பாட்டு. மத்திய அரசின் நற்சான்றிதழும் கிடைத்தது. பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. படம் மட்டும் கொட்டகையில் நிற்கவில்லை.

"ஜனங்களுக்கு ரசனை போதாது" என்று நம்மிலேயே சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்பமாட்டேன். படம் எடுக்கப் பங்கு போட்டோம், சரி. அதை ஊர் ஊராகக் கொண்டுபோகும் விநியோகமும் கொட்டகையும் யார் கையில் இருந்தன? தரை டிக்கெட்காரன் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்வதற்குள் படத்தை எடுத்துவிட்டால், அவன் ரசனையை எதை வைத்து அளப்பது?

தோல்விக்குப் பிறகு கோஷ் சோர்ந்து உட்காரவில்லை. விளக்குப் பிடிப்பவர், செட் போடும் தச்சர், துணி தைப்பவர்: போஸ்டரில் பேர் வராத இவர்களைச் சங்கமாகச் சேர்ப்பதில் இறங்கினார். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவானதில் எம்.பி.சீனிவாசனுக்கும் அவருக்கும் பெரும் பங்குண்டு. தோழர்கள் இருவரும் 1988இல் காலமானார்கள். சம்மேளனம் நிற்கிறது.