கணக்குக் கேட்பதே மானம்

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றில் நடந்த மீனவர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கடனைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். "கடன் வாங்காதீர்கள்" என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. வலை கிழிந்தால் வேறு வலை வாங்கியாக வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரியில் மீனில்லாத நாளிலும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆகவே இல்லாதவன் கடன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் வாங்கின கடனுக்குக் கணக்குக் கேட்காமல் இருக்கிறோமே, அதுதான் நம்மைக் கெடுக்கிறது.

கணக்கு உங்களுக்குத் தெரியாததா? கோட்டைக்குப்பத்தாரும், நடுவூர் மாதாக்குப்பத்தாரும், ஆண்டிக்குப்பத்தாரும் இந்த ஏரியில் பாடு பிரித்துக் கொள்கிறீர்கள். எல்லோர் முன்னிலையிலும் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைக்கிறீர்கள். அந்தப் பாட்டில் எல்லா ஜாதியாருக்கும் இடமில்லை என்ற குறையை இன்னொரு நாள் பேசுவோம். நான் கேட்பது இதுதான்: தண்ணீரைப் பங்கு போடுவதில் ஒளிவு மறைவை ஒப்பாத நீங்கள், பணத்தில் மட்டும் ஏன் ஒப்புகிறீர்கள்?

தண்டல் கடனை எடுத்துக் கொள்ளுங்கள். 10,000 ரூபாய் என்று எழுதிக் கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறான் என்று வையுங்கள். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "வட்டி 1,500 தானே, நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று நாம் நினைக்கிறோம். ஆனால் முழுப் பணமும் நூறு நாளும் நம்மிடம் இருந்ததா? அன்றாடம் திருப்பிக் கொண்டே வருகிறோமே! பாதி நாளில் ஏறக்குறையப் பாதிப் பணம் அவன் கைக்குப் போய்விடுகிறது. சரியாகக் கணக்கிட்டால் அந்த வட்டி வருஷத்துக்கு நூற்றுக்குச் சுமார் 120 ரூபாய் ஆகிறது!

இன்னொருவர் வியாபாரி. "வட்டியே வேண்டாம், முன்பணம் வாங்கிக்கொள், பிடிக்கிற இறாலை எனக்கே போடு" என்கிறார். கேட்பதற்குத் தருமம் போல இருக்கிறது. ஆனால் விலை சொல்லுகிறவர் யார்? அவரேதான். வெளியில் கிலோ 400 ரூபாய் போகிற இறாலுக்கு அவர் 340 கொடுத்தால், கிலோவுக்கு 60 ரூபாய் வட்டி போயிற்று. நாளைக்கு 5 கிலோ போட்டால் 20 நாளில் 6,000 ரூபாய்! அசலோ அப்படியே நிற்கிறது. வட்டி கேட்கிறவனாவது வட்டி என்று சொல்லிக் கேட்கிறான். இவரோ வட்டியில்லை என்று சொல்லியே வட்டியை எடுத்துக் கொள்கிறார்.

மூன்றாவது, தாய்மார்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கும் கம்பெனிகள். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்களை உட்கார வைத்து, அவர்களைக் கொண்டே அவளை ஏசச் செய்கிறார்கள். இந்த ஏரியின் வடபகுதி இருக்கிற ஆந்திர ராஜ்யத்தில், இப்படிப்பட்ட வசூல் கொடுமையால் தற்கொலைகள் நடக்கின்றன என்று பெருங்கூச்சல் எழுந்து, 2010 அக்டோபரில் அரசாங்கம் அவசரச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

இந்தக் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட கட்டளை என்ன? வட்டியும், மற்றச் செலவுகளும், மொத்தம் கட்ட வேண்டியதும் கடனாளிக்குப் புரிகிற பாஷையில் தாளில் எழுதித் தரவேண்டும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கூடாது. தவணை தவறினால் தவறின தொகைக்கு மட்டுமே அபராதம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டவோ வையவோ கூடாது. இந்தச் சங்கதி வசூலுக்கு வருகிறவனுக்கு நன்றாகத் தெரியும். நமக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும்!

சட்டம் இருந்தால் போதுமா? கந்துவட்டியையும், மீட்டர் வட்டியையும், தண்டலையும் தடுக்க நம் ராஜ்யத்தில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமையைப் பற்றி மனுமேல் மனுக்கொடுத்து அலுத்துப்போன ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீசிலேயே தீக்கிரையானார். பலாத்கார வசூலைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் செய்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கேட்பாரில்லாத சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தானே! தனி ஆளாய்ப் போனவரின் குரல் எடுபடவில்லை. அதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

கடன்காரன் நம்மிடம் ஈடாகப் பிடித்து வைத்திருப்பது வீட்டையல்ல, நம் வெட்கத்தை. "வாசலில் வந்து கத்துவான், மானம் போகும்" என்று பயந்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறோம். கேட்டால் தலைவிதி என்கிறோம். 340 ரூபாய் விலையைத் தலையில் எழுதினது யார்? வியாபாரியின் பேனா அல்லவா எழுதிற்று! வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கணக்கைக் காட்டாதவனல்லவா வெட்கப்பட வேண்டும்?

ஆகவே தோழர்களே! தாளில்லாத கடனில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை எழுதட்டும். கம்பெனி அநியாயம் செய்தால் முதலில் அதற்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கந்துவட்டிக்காரன் மிரட்டினால் போலீசுக்கும் கலெக்டருக்கும் போங்கள். எங்கே போனாலும் குப்பமே சேர்ந்து போங்கள். பாட்டுக்குக் கூடுகிற அதே இடத்தில் கணக்குக்கும் ஒரு நாள் கூடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.